கச்சம்புளி

சுக்குக் காப்பியை ஒரு வாய் உறிஞ்சிய பிரிஜெட், கப்பைக் கீழே வைக்கவும் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் சுக்கின் காரம் வந்தது. அடுத்து மல்லி வாசமும் கருப்பட்டி இனிப்பும் வந்தன. அதுவரை சரிதான். அதற்குப் பிறகு உப்பு வந்தது. உப்புக்குப் பின்னாலேயே மிளகாய் வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. இது காப்பி இல்லை. நேற்று மாலை தியோடர் கறியில் தடவ அரைத்து வைத்த பொடி.

நிமிர்ந்து பார்த்தாள். கூடம் முழுக்க அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஃப்ரீசர் பெட்டிக்குள், பழுப்புக் கோட்டும் கையில் ஜெபமாலையுமாக அவள் கணவர் தியோடர் படுத்திருந்தார். விடியற்காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செருப்பைக் காலால் தேடியவர், தேடியபடியே சாய்ந்துவிட்டார். இப்போது அவரைச் சுற்றி வாடகை நாற்காலிகளில் இருந்தவர்கள் அவருடைய பொடியை ஊதி ஊதிக் குடித்தார்கள். சிலருக்குக் கண் கலங்கியிருந்தது. சாவு வீட்டில் கண் கலங்கினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பிரிஜெட்டின் அண்ணன் அலெக்சாண்டர் ஒரு தடவை கனைத்துவிட்டு மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி தட்டோடு குனிந்தாள். துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று காலையிலிருந்து தன் வீட்டு அடுப்பில் எல்லாருக்கும் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து கொடுப்பவள் அவள்தான்.

"குடிங்கக்கா. காலையிலருந்து ஒண்ணும் உள்ள போகல உங்களுக்கு."

"பவுடரை எங்கருந்து எடுத்த, பாஞ்சாலி?"

"உங்க வீட்டு ஷெல்ஃப்லருந்துதான்கா. எங்க வீட்டுல தீர்ந்துபோச்சு. நீல மூடி டப்பா இருந்துச்சே, மோந்து பாத்தேன். நல்ல சுக்கு மல்லி வாசனை. ஏன்கா, வெல்லம் பத்தலியா?"

"எவ்ளோ போட்ட?"

"கூட்டம் ஜாஸ்தியா இருக்கேன்னு மொத்தத்தையும் போட்டுட்டேன்."

பாஞ்சாலியின் முகம் ஓடியாடி வாடிப்போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல பிரிஜெட்டுக்கு மனம் வரவில்லை. "நல்லா இருக்கு" என்று இன்னொரு வாய் குடித்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த மதலைமுத்து கையை நீட்டினார். பீன்யாவில் ஒரே தொழிற்சாலையில் தியோடரோடு முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். "எனக்கு இன்னொரு கப் குடும்மா. எங்கயோ சாப்ட்ட ருசியா இருக்கு" என்றார்.

எங்கே சாப்பிட்டார் என்று பிரிஜெட்டுக்குத் தெரியும். ஜோகுபாளையம் மூலையில், சனிக்கிழமை சாயங்காலங்களில். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த வருஷம் தியோடர் ஒரு பழைய டிரம்மை நீளவாக்கில் வெட்டி, கால் வைத்து, சக்கரம் மாட்டி, கரி போட்டுப் பன்றி விலா சுட ஆரம்பித்தார். வாரம் ஒரு நாள் கடை. வெள்ளிக்கிழமை அவர் பொடி அரைப்பார். சுக்கு, மல்லி, கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மிளகாய், உப்பு, கைநிறையக் கருப்பட்டி. கடைசியில் மேலே பூச ஒரு சாஸ், அதிலும் கருப்பட்டி. வேறு எதையும் உள்ளே விடமாட்டார்.

விலாவைக் கழுவுவது பிரிஜெட். எலும்பின் பின்னால் இருக்கும் சவ்வை நகத்தால் கெல்லி உரிப்பது பிரிஜெட். பொடியைத் தடவுவதும் அவள்தான். நெருப்புக்கு முன்னால் நின்று முதல் துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி, "ம்" என்று தலையாட்டுவது மட்டும் தியோடர். வாங்க வந்தவர்கள் அந்தத் தலையாட்டலைப் பார்ப்பதற்காகவே கொஞ்சம் முன்னாலேயே வந்து நிற்பார்கள்.

கருப்பட்டி இத்தனை வேண்டாம், தணலில் கருகுகிறது என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். மாதா கோவிலில் இருந்து குடகுக்குச் சுற்றுலா போனபோது, அங்கே பன்றிக்கறிக்குப் போடும் கச்சம்புளியை ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். பழச் சாற்றைத் தார் போலக் கறுக்கும்வரை காய்ச்சிய புளிப்பு அது. தியோடர் மூடியைத் திறந்து மோந்துவிட்டுத் திரும்ப மூடினார். "பன்னிக்கு எதுக்குடி புளிப்பு? ரசமா வெக்கப் போறோம்?" என்றார். பாட்டில் ஷெல்ஃபின் பின் வரிசைக்குப் போனது. அங்கிருந்து திரும்பி வரவேயில்லை.

கப்பை வைத்துவிட்டு பிரிஜெட் எழுந்தாள். பாத்ரூமுக்குப் போகிறாள் என்று நினைத்து வழிவிட்டார்கள். நடைவழியில் கறி வைக்கும் பெரிய ஃப்ரிட்ஜின் ஒயர் தரையில் சுருண்டு கிடந்தது.

அந்த வீட்டில் பெரிய பிளக் ஒன்றே ஒன்றுதான். காலையில் ஃப்ரீசர் பெட்டி வந்தபோது அலெக்சாண்டர் ஒன்றைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றைச் செருகியிருக்கிறார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஃப்ரிட்ஜின் மூடியைத் தூக்கினாள். மூன்று பேசின் நிறைய விலா. நேற்று ராத்திரி தியோடர் சொல்லி அவள் பப்பாளிக்காய் விழுதைப் பூசி வைத்தது அப்படியே இருந்தது. குளிரில் பப்பாளி தூங்கும், குளிர் விட்டால் எழுந்து கறியைத் தின்ன ஆரம்பிக்கும் என்று அவர் சொல்வார். தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஜில்லென்றுதான் இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள். எப்போதும் எதிர்த்துத் தள்ளும் சதை, கொஞ்சம் யோசித்துவிட்டுத் தள்ளியது. இருட்டுவதற்குள் சுட்டால் கறி. விட்டால் கூழ்.

"இங்க என்னம்மா பண்ற?" அலெக்சாண்டர் பின்னால் வந்து நின்றார். பேசின்களைப் பார்த்தார். "ஓ, இது வேற இருக்கா. யாரையாவது விட்டு வெளிய கொட்டிரச் சொல்றேன். இல்ல, சுதீரு வரான், அவன் எடுத்துட்டுப் போகட்டும்."

சுதீர் அவருடைய மருமகன். கல்யாணங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்பவன்.

"அவன் எடுத்துட்டுப் போயி?"

"அவன்கிட்ட பார்பிக்யூ சாஸ் கேன் கேனா இருக்கு. மேல ஊத்திச் சுட்டா எந்தக் கறியும் ஒண்ணுதான்." குரலைத் தணித்துக்கொண்டார். "இதையும் இப்பவே சொல்லிடறேன். நாளைக்கி ஒன் பையன் ஜாய்சன் வந்து எறங்கினதும் அடக்கம். அது முடிஞ்சதும் நீ என்கூட பொம்மனஹள்ளிக்கு வந்துடு. மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. அவன் மஸ்கட்ல, நீ இங்க ஒத்தையா என்ன பண்ணுவ? வண்டிய சுதீர் எடுத்துக்கட்டும். கடை எடமும் கைவிட்டுப் போகாது."

"கடைய நான் நடத்தறேன்."

அலெக்சாண்டர் சிரிக்கவில்லை. பாவம் பார்த்த முகத்தோடுதான் சொன்னார். அதுதான் பிரிஜெட்டுக்குத் தாங்கவில்லை.

"ஒன்னால முடியாதும்மா. மாப்ளயே எத்தன தடவ சொல்லியிருக்காரு. பிரிஜெட்டுக்குக் கை இருக்கு, நாக்கு இல்லன்னு."

சொல்லியிருக்கிறார்தான். அண்ணனிடம் சொன்னார், வாங்க வந்தவர்களிடம் சொன்னார், ஒரு கிறிஸ்துமஸ் அன்று ஃபாதரிடமே சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இப்போது அவர் பெட்டிக்குள் வாயை மூடிக்கொண்டு படுத்திருக்க, அந்தப் பேச்சு மட்டும் செத்துப்போகாமல் இன்னொருத்தர் வாய் வழியாக வந்து நின்றது. பிரிஜெட்டுக்குக் கோபம் வந்தது. அண்ணன் மேல் பாதி, பெட்டியில் இருந்தவர் மேல் பாதி. காலையிலிருந்து வராத அழுகைக்குப் பதிலாக அது வந்தது.

பின்கட்டுக் கதவைத் திறந்தாள். சுவர் ஓரமாக நின்ற டிரம் வண்டியின் தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டாள்.

"பிரிஜெட், பாடி வீட்டுல இருக்கறப்போ அடுப்பு பத்த வெக்கக் கூடாது."

"அடுப்பு வீட்டுல இல்லண்ணே. வெளிய இருக்கு."

"ஃபாதர் ஜெபத்துக்கு வராரு. இங்க பன்னி சுட்டுக்கிட்டிருந்தா என்ன நெனப்பாரு? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். மொதல்ல சாப்பிடட்டும்."

சத்தம் கேட்டு மதலைமுத்து வந்து எட்டிப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார், பேசினைப் பார்த்தார், அண்ணன் தங்கை இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். அந்த டிரம்மின் மூடிக்குக் கீல் வைத்தது அவர்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "கரி மூட்டை எங்க தங்கச்சி?" என்றார். அலெக்சாண்டர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

கரி பிடித்துக்கொண்டது. பிரிஜெட் பேசின்களைக் குழாயடிக்கு இழுத்து, விழுதை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் வழித்துக் கழுவி, பழைய வேட்டித் துணியால் விலாக்களை ஒற்றி எடுத்தாள். ஈரம் இருந்தால் எந்தப் பொடியும் ஒட்டாது. பிறகு சமையலறை ஷெல்ஃபுக்கு முன்னால் போய் நின்றாள்.

சுக்கு இருந்தது. மல்லி இருந்தது. டின் நிறையக் கருப்பட்டி இருந்தது. தியோடருடைய பொடியை இப்போதே அரைத்துவிடலாம். அளவெல்லாம் அவள் விரலில் இருந்தது. எல்லாரும் சாப்பிட்டுவிட்டு, அப்படியே தியோடர் கைப்பக்குவம் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அப்புறம் வண்டி சுதீருக்குப் போகும். கருப்பட்டி டின்னைக் கையில் எடுத்தவள் அதைத் திரும்ப வைத்தாள். ஸ்டூலில் ஏறி, பின் வரிசையில் கையை விட்டுத் துழாவி, ஒட்டடை படிந்த பாட்டிலை வெளியே எடுத்தாள்.

பாஞ்சாலி வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா தேடறீங்க? கறிக்குப் போடற பொடியா? எங்க வெச்சிருக்காரு?" என்றவள், ஷெல்ஃபில் டப்பா இருந்த வெற்று இடத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ அக்கா. அது காப்பி பவுடர் இல்லியா?"

"இல்ல."

"எல்லாரும் ரெண்டு ரெண்டு கப் குடிச்சாங்களேக்கா."

பிரிஜெட்டுக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் சத்தம் வந்தது. இரண்டு பேரும் சுவரில் முகத்தைப் பதித்துக்கொண்டு சிரித்தார்கள். கூடத்தில் இருந்தவர்கள் அழுகை என்று நினைத்து, பாவம், அழுது தீர்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

"பேஜார் பண்ணிக்காதீங்கக்கா. அடியில மண்டி இருக்கு, கொண்டாரட்டுமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள் பாஞ்சாலி.

"கொண்டா."

மிளகை வாணலியில் வறுக்க முடியாது, வீட்டு அடுப்பு எரியக் கூடாது. கரண்டியைக் கரி மேல் பிடித்து அங்கேயே வறுத்தாள். உரலில் போட்டு, பூண்டும் பச்சை மிளகாயும் கல்லுப்பும் சேர்த்துத் தட்டினாள். நைசாக வேண்டாம், பல்லில் படவேண்டும். அதன் மேல் கச்சம்புளியை ஊற்றிக் குழைத்தாள். கறுப்பாக வந்தது. ஒரு துண்டில் மட்டும் அப்பித் தணலில் போட்டாள்.

வெந்ததும் எடுத்துக் கடித்தாள். கசந்தது. நாக்கு உள்ளே சுருண்டுபோகிற கசப்பு. பக்கத்தில் மதலைமுத்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே படுத்திருக்கிறவர் இருந்திருந்தால் இந்நேரம் தெருவுக்கே கேட்கச் சிரித்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. கை, நாக்கு, ரசம், எல்லாவற்றையும் ஒரு சுற்று சொல்லி முடித்திருப்பார். பிரிஜெட் அதைத் துப்பினாள்.

"முடியலன்னா விட்ரு தங்கச்சி" என்றார் மதலைமுத்து மெதுவாக.

"இருங்கண்ணே."

எங்கே தப்பு? பாட்டிலில் விரலை விட்டு நக்கினாள். இதில் கசப்பில்லை. அப்படியானால் புளிப்பில் கோளாறு இல்லை, நேரத்தில்தான். ஏற்கெனவே காய்ச்சிக் காய்ச்சிக் கறுத்த சாறு, அதை முதலிலேயே பூசி நெருப்பில் போட்டால் மறுபடியும் காய்ந்து கசக்கத்தான் செய்யும். மிளகும் பூண்டும் உப்பும் முதலில் போகட்டும், வறண்ட பொடியாக. கொழுப்பு உருகி விலா பொன்னிறத்துக்கு வரட்டும். புளிப்பு கடைசியில்.

மறுபடி மிளகு வறுத்துத் தட்டி, இரண்டாவது துண்டை அப்படித்தான் சுட்டாள். எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், பூண்டு தட்டிப்போட்டுச் சுடவைத்த கச்சம்புளியைப் பெயிண்ட் அடிக்கிற புதுப் பிரஷ்ஷால் ஒரு தடவை, ஒரே தடவை, பூசினாள். ஸ்ஸ் என்று ஓர் ஆவி எழுந்தது. ஊதிக் கடித்தாள். மிளகு முன்னால் வந்தது, கொழுப்பு நடுவில் வந்தது, அது திகட்டப் போகிற நேரத்தில் புளிப்பு வந்து வாயைக் கழுவிவிட்டது. கண்ணை மூடவில்லை. தலையாட்டவும் இல்லை. மீதி விலா முழுவதையும் எடுத்துவரச் சொல்லி மதலைமுத்துவுக்குக் கையைக் காட்டினாள்.

பாஞ்சாலி கொண்டுவந்த பாத்திரத்தின் அடியில் மண்டி இரண்டு பிடிதான் தேறியது. ஓரமாக ஒரு விலாவை எடுத்து, அந்த மண்டியைப் பிழிந்து தடவி, மற்றதோடு சேராமல் தணலின் ஒரு மூலையில் போட்டாள்.

ஃபாதர் வந்தார். கூடத்தில் ஜெபமாலை ஆரம்பித்தது. சொட்டுகிற கொழுப்பில் புகை கிளம்பி, நடைவழியாக உள்ளே போய், ஊதுபத்தியைத் தாண்டி, பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அருள் நிறைந்த மரியே கொஞ்சம் தடுமாறியது. பிறகு வழக்கத்தைவிட வேகமாக ஓடத் தொடங்கியது. காலையிலிருந்து யாரும் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. அலெக்சாண்டரின் குரல் மட்டும் எல்லாருக்கும் மேலே, கோபத்தோடு, பழைய வேகத்திலேயே கேட்டது.

ஜெபம் முடிந்ததும் முதலில் யாரும் பின்கட்டுக்கு வரவில்லை. பிரிஜெட் பிரஷ்ஷோடு காத்திருந்தாள். வராவிட்டால் எல்லாவற்றையும் தெரு நாய்க்குப் போட்டுவிட்டு நாளைக்குப் பொம்மனஹள்ளிக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று மனசுக்குள் ஒரு குரல் சொல்லியது. அவள் விலாவைத் திருப்பிப் போட்டாள்.

கதவில் முதலில் தெரிந்தது ஃபாதரின் அங்கி. "என்னம்மா, நம்ம தியோடர் இல்லாம யாரு மொதத் துண்டு எடுப்பா?" என்று கேட்டார்.

"நான் எடுத்தாச்சு ஃபாதர். நீங்க ரெண்டாவது."

அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். எலும்பை வைத்துவிட்டுத் தட்டை மறுபடி நீட்டினார். அதற்குப் பிறகு கூடம் காலியாகத் தொடங்கியது. காகிதத் தட்டோடு சுவர் ஓரமாக வரிசை நின்றது. எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்தார்கள், மூக்கைத் துடைத்தார்கள், தியோடர் கதைகளைச் சொன்னார்கள். காலையிலிருந்து குசுகுசுவென்று பேசியவர்கள் இப்போது சாதாரணக் குரலில் பேசினார்கள்.

சுதீர் வந்து சேர்ந்தான். மாமனார் சொன்னபடி இரண்டு சாஸ் கேன்களையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அவற்றை ஓரமாக வைத்துவிட்டு ஒரு துண்டு தின்றான். இன்னொன்று தின்றான். விரலை நக்கிப் பார்த்தான்.

"அத்தை, இது எந்தக் கம்பெனி சாஸ்?"

"கம்பெனி இல்ல."

"எனக்கு மட்டும் சொல்லுங்க, வேற யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"சனிக்கிழமை வா, சாப்பிட்டுக் கண்டுபுடி. இப்ப போறப்போ அந்த ரெண்டு கேனையும் மறக்காம எடுத்துட்டுப் போ."

சுதீர் மாமனார் பக்கம் திரும்பினான். அலெக்சாண்டர் கதவுக்கு உள்ளேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தட்டை யாரோ நீட்டினார்கள். வேண்டாம் என்றார்.

எல்லாம் தீர்ந்தது. தணலின் மூலையில் மண்டி தடவிய அந்த ஒரு விலா மட்டும் கிடந்தது. ஓரமெல்லாம் கருகியிருந்தது, ஒவ்வொரு சனிக்கிழமையும் கருகுவதைப் போலவே. மதலைமுத்து அதை எடுக்கக் கையை நீட்டினார். பிரிஜெட் அவர் கையைத் தட்டிவிட்டாள். நின்றபடியே, கருகலையும் சேர்த்து, எலும்பு வெள்ளையாகத் தெரியும்வரை அவளே தின்றாள். சுக்கும் கருப்பட்டியும் உப்பும் அதே வரிசையில் வந்தன.

கையைக் கழுவாமல் உள்ளே போனாள். கூடத்தில் யாரும் இல்லை. ஃப்ரீசர் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடி வியர்த்து தியோடரின் முகம் மறைந்திருந்தது. உள்ளங்கையால் துடைத்தாள். நீர் போயிற்று, கச்சம்புளியும் கொழுப்பும் ஒட்டிக்கொண்டன. அந்தக் கறுப்புக் கோடுகளின் இடுக்கில் அவர் மூக்கும் மூடிய வாயும் தெரிந்தன.

"கருகிடுச்சு" என்றாள். "கருகும்னு சொன்னா கேக்கணும்."

அலெக்சாண்டர் ஈரத் துணியோடு வந்தார். "என்னம்மா இது, கண்ணாடியெல்லாம் கறிக் கைய வெச்சு. காலையில எல்லாரும் வந்து பாக்கறது." குனிந்து துடைக்கப் போனார்.

பிரிஜெட் துணியைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்ணே."

அவர் துணியை இழுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை. பின்கட்டில் மதலைமுத்து டிரம்மிலிருந்து சாம்பலைச் சுரண்டும் சத்தம் கேட்டது. பழுப்புக் கோட்டுக்கு மேலே, கண்ணாடியில், நான்கு விரல் தடம் காய ஆரம்பித்திருந்தது.